ஒரு குறையும் இல்லை

எங்கள் எம்.எல்.ஏ. உயிரோடு இருந்த மூன்று வருஷத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை. அவர் செத்த மறுமாதமே தெருவிளக்கு எரிந்தது. இடைத்தேர்தல் என்றதும் கரைவேட்டிகள் வீடு வீடாக வந்து எங்கள் மூட்டுவலியை விசாரித்தார்கள். செத்தும் கொடுத்த மகராசன்.

எனக்கு வேண்டியது ஒரு பஸ். மகள் சினேகா பத்தாவதில் நானூற்று இருபது மார்க். பதினொன்றாம் வகுப்புக்குச் சிவகாசி போக வேண்டும். காலையில் எங்கள் ஊருக்குள் வருவது பட்டாசுக் கம்பெனி வேன் மட்டும்தான். பஸ் ஏற மூன்று மைல் முள்ளுக்காட்டில் நடக்க வேண்டும். ஒற்றைப் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். பஸ் வராவிட்டால் அவளும் என்னோடு வேனில் ஏற வேண்டியதுதான்.

ஓட்டுக் கேட்டு அமைச்சர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வருவதாகச் சொன்னார்கள். சினேகாவே மனு எழுதினாள், முத்து முத்தான கையெழுத்தில்.

"குடுக்கிறதுக்குச் செல்வலெச்சுமிய விட்டா யாரு இருக்கா? அவ வாய்க்குக் கம்பெனிப் போர்மேனே பயப்படுவாரு" என்றாள் பக்கத்து வீட்டுக் குருவம்மாள்.

உண்மைதான். தரைச்சக்கர வெடி சுற்றும் கூலியைக் குறைத்தபோது நான் கேட்ட கேள்வியில் போர்மேன் மதியச் சோற்றைப் பாதியில் மூடிவிட்டு எழுந்து போனார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என் அம்மா என்னைப் பார்த்துத்தான் சொல்லுவாள்.

அன்றைக்கு ஆரத்தித் தட்டோடு முதல் ஆளாக நின்றேன். மடித்த மனு தட்டுக்கு அடியில், என் விரலிடுக்கில் இருந்தது. இரண்டு நாளாக ஆட்டுக்குட்டிகள் முன்னால் பேசிப் பழகியிருந்தேன். அவை நன்றாகத்தான் கேட்டன.

அமைச்சர் ஜீப்பை விட்டு இறங்கி நேரே என்னிடம் வந்தார். தட்டில் நூறு ரூபாய்த் தாளைப் போட்டுவிட்டு, கல்யாண வீட்டில் மாமன்காரர் விசாரிப்பதுபோல் கேட்டார்.

"சாப்பிட்டீகளாம்மா? ஏதும் குறை இருக்கா?"

இப்படிக் கேட்டால் எங்கள் பக்கத்தில் ஒரே பதில்தான். பட்டினி கிடந்தாலும் சாப்பிட்டாச்சு என்போம். பழகிய வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"உங்க புண்ணியத்துல ஒரு குறையும் இல்லங்கய்யா. காப்பி சாப்பிடுறீகளா?"

காப்பி வேறு! வீட்டில் சொட்டுப் பால் கிடையாது.

அமைச்சர் மைக்கை வாங்கினார். "கேட்டுக்கிட்டீங்களா? இந்தத் தாய்க்கு ஒரு குறையும் இல்லையாம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சிரித்தேன். ஜீப் கிளம்பிய பிறகுதான் விரலிடுக்கில் தாள் உறுத்தியது. ஆரத்தித் தண்ணீர் சிந்தி எழுத்தெல்லாம் சிவப்பாகக் கரைந்திருந்தது.

"ஏட்டி, மனு எங்க?" என்று குருவம்மாள் கத்தினாள். ஓடினேன். புழுதிதான் கிடைத்தது.

அச்சடிப்பதைச் சிவகாசிக்குச் சொல்லித்தர வேண்டுமா? மறுநாள் விடிவதற்குள் தொகுதி முழுக்கப் போஸ்டர். ஆரத்தித் தட்டோடு, எல்லாப் பல்லும் தெரிய நான். மேலே கொட்டை எழுத்தில், 'எங்களுக்கு ஒரு குறையும் இல்லை!'

அவர்கள் ஜெயித்தார்கள். வேறு மனு எழுதிக்கொண்டு பஸ் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்தவர் என்னையே உற்றுப் பார்த்தார்.

"போஸ்டர்ல இருக்கிறது நீங்கதானம்மா?"

"ஆமாங்க" என்றேன், கொஞ்சம் பெருமையாக வேறு. மனு மேஜையிலேயே கிடந்தது.

ஜூலையில் சினேகா என்னோடு வேனில் ஏறினாள். வழியெல்லாம் சுவருக்குச் சுவர் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மதியம் போர்மேன் சோற்றுச் சட்டியோடு எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷன்தான்.

"புதுப்பிள்ளைக்கு வேலை பிடிச்சிருக்கா? ஏதும் குறை இருக்கா பாப்பா?"

சினேகா எழுந்து நின்றாள். "ஒரு குறையும் இல்லங்கய்யா."



"இருக்குய்யா!" என்று கத்தினேன். "எங்க ஊருக்குப் பஸ்ஸு இல்ல!"

போர்மேன் சட்டியை மூடிக்கொண்டு எழுந்து போனார்.