அளவுச் சட்டை

கோப்பி டின்னின் அடியில்தான் துவக்கு அலுமாரியின் திறப்புக் கிடந்தது. சிவமலர் அதற்குமுன் கோட்டுப் பைகள், சப்பாத்துப் பெட்டி, சுவாமித் தட்டில் முருகனுக்குப் பின்பக்கம் எல்லாம் கிளறிப் பார்த்துவிட்டாள். கூடத்தில் கொலின் என்ற வெள்ளைக்காரர் தொப்பியைக் கையில் பிடித்தபடி அரைமணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். அவர் விஜயரத்தினம் குறி பார்த்துச் சுடப் போகிற துவக்குச் சங்கத்தின் காரியதரிசி. துவக்குச் செய்து கொடுப்பதும் விற்பதும் அவருடைய தொழில்.

"திறப்பு இருக்கிற இடம் அப்பாவுக்கு மட்டும்தானாம் தெரியலாம். வீட்டில ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதாம். லைசன்ஸ் ரூல்" என்றாள் மகள் சயந்தினி.

"ஓம், இந்த ரூல் எல்லாம் நல்லாப் பாப்பார்."

சொன்ன கையோடு சிவமலர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் புருஷன் விஜயரத்தினம் செவ்வாய்க்கிழமை காலை கோலியர்ஸ் வுட் பஸ் தரிப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே போய்விட்டார். இன்று வெள்ளி. உடல் இன்னும் கைக்கு வரவில்லை. வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. லைசன்ஸ்காரர் இல்லாத வீட்டில் துவக்கு இருக்கக் கூடாது என்று பொலிஸ் இரண்டு முறை போன் எடுத்துவிட்டது. சிவமலருக்கும் அதுதான் வேண்டும். செத்தவீட்டுக்கு வருகிற சனம் படிக்கட்டுக்குக் கீழே உள்ள இரும்பு அலுமாரியைக் கண்டால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்குமா?

என்ன மனிதர் அவர்! ஊரில் துவக்குச் சத்தம் கேட்டு ஓடி வந்தவர், ஜெர்மனியில் கடைசல் பட்டறையில் வேலை செய்த காலத்தில், கூட வேலை செய்தவர்கள் கூட்டிப் போனார்கள் என்று குறி பார்த்துச் சுடுகிற சங்கத்தில் சேர்ந்து அதிலேயே ஊறிப்போனார். கடதாசி வட்டத்தைத் தவிர வேறொன்றையும் அவர் சுட்டதில்லை. வீட்டில் கரப்பான் பூச்சி ஓடினால்கூட "மலர், ஒருக்கா வாரும்" என்று கதிரையில் ஏறி நிற்பார்.

பிள்ளையின் இங்கிலிஷ் படிப்புக்காக லண்டனுக்கு வந்தபோது அந்த ஜெர்மன் பாக்டரித் துவக்கும் கூடவே வந்தது. இங்கே சங்கத்தில் ஆளுக்கொரு துவக்கு. தோளுக்கும் கைக்கும் அளவெடுத்துச் செய்வித்தவை. இவர் அதைக் கேலி பண்ணுவார். சனிக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் இந்தப் பிரசங்கம் தவறாது. "பாக்டரித் துவக்குக்கு என்ன குறை? சுடத் தெரியாதவன்தான் துவக்கை மாத்துவான்."

அப்படிப்பட்டவர் போன மாதம், சொல்லிச் செய்வித்த துவக்கு ஒன்றைப் பச்சை உறைக்குள் வைத்துக் கொண்டுவந்து அலுமாரிக்குள் பூட்டினார். சிவமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒண்டு காணாதோ உங்களுக்கு? தங்கச்சி வீட்டுச் சனம் வன்னியில சண்டைக்குள்ள சாகுதுகள். நீங்கள் இஞ்ச ஆசைக்குத் துவக்குச் செய்விக்கிறியள்."

"கோவியாதையும். கோடை வரட்டும், சொல்லுறன்."

அன்றோடு அவள் பேச்சை நிறுத்தினாள். பன்னிரண்டு நாள். சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "கொப்பாவைச் சாப்பிடச் சொல்லு" என்பாள் மகளிடம். செவ்வாய்க்கிழமையும் அவர் வாசலில் நின்று "போட்டு வாறன்" என்றார். அவள் குசினியில் பைப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். ஒரு "ஓம்" சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு மூன்று நாளாகக் கண் மூடாமல் கிடக்கிறாள்.

கொலின் அலுமாரியைத் திறந்து முதல் துவக்கை எடுத்துத் துடைத்தார். இதை யாரும் சந்தோஷமாக வாங்குவார்கள் என்றார். பிறகு பச்சை உறையைத் திறந்து மற்றதைக் கையில் எடுத்தவர், சயந்தினியின் தோளையும் கையையும் பார்த்தார். அதன்பின் அவளிடம் ஏதோ கேட்டார். அவள் தன் வலக்கையைத் தூக்கிக் காட்டினாள்.

"என்னவாம்?"

"இதை விக்க ஏலாதாம் அம்மா. தோளில வைக்கிற மரம், சோங்கு, சரியான கட்டையாம். அதோட இது இடக்கைக்காரருக்கெண்டு இவர்தான் செய்தவராம். நான் இடக்கையோ எண்டு கேக்கிறார்."

சிவமலர் திறப்பைப் பிடித்திருந்த தன் இடக்கையைப் பார்த்தாள். மகளும் பார்த்தாள்.

கொலின் தன் பைக்குள் இருந்து ஒரு கடைப் பையை எடுத்தார். அதற்குள் ஊதா நிறச் சேலைச் சட்டை மடித்துக் கிடந்தது. சிவமலர் மாரி முழுக்கத் தேடின சட்டை.

ஆளைக் கூட்டிவந்தால்தான் அளவெடுக்கலாம் என்று சொன்னாராம் கொலின். ஆளுக்குத் தெரியக் கூடாது என்றாராம் விஜயரத்தினம். அடுத்த கிழமை இந்தப் பையோடு வந்து, எங்கள் பெண்கள் தையற்காரரிடம் அளவுச் சட்டைதான் கொடுப்பார்கள், நீங்களும் இதை வைத்துச் செய்யுங்கள் என்று மேசையில் போட்டாராம். முப்பது வருஷத் தொழிலில் துவக்குச் செய்ய ஒருவரும் தன்னிடம் சட்டை கொண்டுவந்து தந்ததில்லை என்று கொலின் சிரித்தார். சிரித்துவிட்டு, மன்னிக்க வேண்டும் என்றார்.

"தோளும் கையும் சட்டையில எடுத்திட்டாராம். கன்னம் எந்த உயரத்தில வரும் எண்டு கேட்டாராம். அதுக்கு அப்பா..." சயந்தினி தன் தோளில் கையை வைத்தாள். "அப்பா தன்ர தோளில கையை வச்சு, இவ்வளவுக்கு வரும் எண்டு காட்டினாராம்."

சிவமலர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஜெர்மனியில் அந்தச் சிறு பட்டினத்துச் சங்கத்தின் கோடை விழா நினைவுக்கு வந்தது. பியர் மேசைகள், பான்ட் வாத்தியம், பொரித்த இறைச்சி மணம். எல்லோரும் கைதட்ட, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் படுத்துப் பத்து வெடி வைத்தாள். துவக்கைத் தன்பாட்டில் இடத்தோளில் வைத்துவிட்டாள். சோங்கு கன்ன எலும்பில் இடித்தது. வெடிக்கு வெடி இழுக்க வேண்டிய போல்ட் வலப்பக்கத்தில் இருந்தது, எட்டவே இல்லை. எட்டு வெடி எங்கேயோ போயிற்று. இரண்டு மட்டும் கடதாசி வட்டத்தின் கறுப்புக்குள் விழுந்தன. அன்றிரவு அவருக்குத் தெரியாமல் அந்தக் கடதாசியைப் பெட்டிக்குள் வைத்தாள். நல்லாய்த்தான் இருந்தது அந்த நாள்!

"பிழை உம்மில இல்லை" என்றார் அவர், வீட்டுக்கு வரும் வழியில். "பாக்டரியில வலக்கைக்காரரை மட்டும்தான் மனிசரா நினைக்கிறாங்கள்." பள்ளிக்கூடத்தில் இடக்கையால் எழுதினதற்கு விரல் மொழியில் அடி வாங்கினவளுக்கு, அப்படி ஒருவரும் சொன்னதில்லை.

அதை அவர் பதினாறு வருஷம் மனதில் வைத்திருந்தாரா?

"ஒருக்காப் பிடிச்சுப் பாக்கலாமோ எண்டு கேள், பிள்ளை."

கொலின் போல்ட்டைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். குழலுக்குள் ஒன்றுமில்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத் துவக்கை நீட்டினார். முன்னறையில் சனம் வந்தால் இருக்க வெள்ளை விரிப்பு விரித்திருந்தது. சிவமலர் அதில் குப்புறப் படுத்தாள். துவக்கை இடத்தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தாள்.

எங்கும் இடிக்கவில்லை. கழுத்தை நீட்ட வேண்டியிருக்கவில்லை. விரல் தானாகப் போய் விசையில் நின்றது. கன்னம் படுகிற இடத்தில் மரம் வழுவழுப்பாக இருந்தது.

"இஞ்சாருங்கோ" என்று அவரைக் கூப்பிட்டாள் மெதுவாக. பிறகு கொஞ்சம் சத்தமாக, "அளவு சரியா இருக்கு" என்றாள்.

கொலின் யன்னல் பக்கம் திரும்பி நின்றார். வாசலில் மணி அடித்தது. சாப்பாட்டுச் சட்டிகளோடு வெளியே நாலைந்து பேர் பேசிக்கொண்டு நிற்பது கேட்டது. சயந்தினி போய், கதவைத் திறக்காமல், சங்கிலியைக் கொழுவிவிட்டு நின்றாள்.