கேசட்டில் விழுந்த விசும்பல்

மூன்றாவது தடவையும் கேசட்டில் அந்தச் சத்தம் விழுந்துவிட்டது. "அம்மா, நான் நல்லா இருக்கேன்" என்று நான் சொல்லும் இடத்தில், பின்னால் முனீஸின் விசும்பல்.

"ஏல, கொஞ்ச நேரம் அழாம இருல."

"நான் எங்க அழுதேன்? விசும்புனேன்."

"ரெண்டும் ஒண்ணுதாம்ல."

"அழுதா வாய் தொறக்கணும். இது அதுபாட்டுக்கு வருது. நிறுத்த முடிஞ்சா நிறுத்த மாட்டனா?"

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. முனீஸ் எங்கள் தெருக்காரன். திருப்பூர் வந்து இருபது நாள்தான் ஆகிறது. வீட்டுக்கார சாரதாமணி அக்கா வேனில் திருச்செந்தூர் கோயிலுக்குக் கிளம்புகிறார். அம்மா அங்கே வந்து கேசட்டை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அதைத் தெருவையே கூட்டிவைத்துப் போட்டுக் கேட்பாள். அழுகிறது நான்தான் என்று நினைத்துவிட்டால், அடுத்த பஸ்ஸில் அப்பா வந்து நிற்பார். போன வருஷம் ஒரு காய்ச்சலுக்கே என்னை ஊருக்குக் கூட்டிப்போனவர். பனியன் கம்பெனியில் இத்தனை நாள் துணி மடித்துக் கொடுத்த என்னை, நாளைக்குத்தான் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார வைக்கப்போகிறார்கள்.

சாரதாமணி அக்கா வாசலில் வந்து நின்றார்.

"ஏங்கண்ணு, எல்லாரும் வேன்ல ஏறியாச்சு. குடுக்கறயா, நான் போகட்டுமா?"

"அக்கா, நீங்களே சொல்லுங்க. விசும்புறது அழுகையா இல்லையா?"

"இதைக் கேக்கற நேரமா சாமி? எங்கூட்டு தேஜஸ்ரீ மூணு நாள் இப்படித்தான் விசும்பிட்டுக் கெடந்தா. அழுகறயான்னா இல்லைம்பா. நாலாம் நாள் பாத்தா, வேற ஸ்கூல்ல சேத்தோணுமாம். வாயத் தொறந்து கேட்டாத்தான என்னன்னு தெரியும்? வெரசா ஆகட்டும்."

நான் முனீஸைப் பார்த்தேன்.

"ஒனக்கு என்னதாம்ல வேணும்?"

அவன் டேப் ரெக்கார்டரை இழுத்துப் பொத்தானை அமுக்கினான்.

"ரோஸ்மேரி பெரியம்மா, முனீஸ் பேசுதேன். பின்னால விசும்புனது நான்தான். ஜெபக்குமார் நல்லா இருக்கான், அவன் அழல. எங்க அம்மைட்ட மட்டும் சொல்லிராதீய."

"கிறுக்குப்பயலே, ஒங்க அம்மைதாம்ல முன்னால வந்து ஒக்காருவா."

"தெரியும்" என்றான்.

கேசட்டைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தேன். திரும்பி வந்தபோது, முனீஸ் கொடியில் கிடந்த சட்டைகளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"ஏல, ஒங்க அப்பா வர இன்னும் மூணு நாளாவது ஆகும்ல" என்றேன். அவன் அடுத்த சட்டையை எடுத்து மடித்தான்.