பஸ் கதவின் மேல் விழுந்த பழி

"இவரு கையில அடிபட்டது ஒன்பதாம் தேதின்னு மனுவுல இருக்கு. ஆனா நாலாம் தேதியே இவரு பட்டாளத்துல இல்லம்மா," என்றார் ஆவணப் பிரிவு அதிகாரி. சொன்னது போதாதென்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அந்த அம்மாள் அதையே இன்னொரு தரமும் சொன்னார்.

மனைவிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மனுவை முன்னாள் படைவீரர் சங்கத்தில் யாரோ நிரப்பிக் கொடுத்திருந்தார்கள். பையைப் பிடிக்கவும், கணவர் மென்று விழுங்கினால் எடுத்துச் சொல்லவும்தான் அவள் கூட வந்திருந்தாள்.

"ஒன்பதாம் தேதியா? பஸ் கதவுல கை மாட்டினது பதினாலாம் தேதி இல்ல?" என்றாள்.

"எந்த பஸ்?" என்றார் அதிகாரி.

இரண்டு பெண்களும் அவரைப் பார்த்தார்கள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

அந்த பஸ் கதவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் பட்டாளத்திலிருந்து வலது கையில் பெரிய கட்டோடு வீடு வந்து சேர்ந்தபோது, வழியில் பஸ் கதவு சாத்திக்கொண்டது என்றார். அன்றிலிருந்து அவள் ஏறின எந்த பஸ்ஸின் கதவும் அவளிடம் நல்ல பேர் வாங்கியதில்லை. கதவு அசைந்தால் போதும், "கையை எடுங்க, கையை எடுங்க" என்று முன்பின் தெரியாதவர்களை எல்லாம் அதட்டுவாள். மகளைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்தியே கூட்டிப் போனாள், வெயிலில், மூன்று வருஷம்.

"ரெக்கார்டுபடி ஒன்பதாம் தேதி நீங்க வீட்டுல இருக்கீங்க," என்றார் அதிகாரி.

"வீட்டுலயா? நான் பாக்கலையே மேடம்!" என்றாள் மனைவி.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். விடுவிப்புச் சான்றில் தேதி திருந்தினால்தான் அது பணியில் பட்ட காயம். பணியில் பட்ட காயத்துக்குத்தான் படை மருத்துவமனையில் அறுவை சிகிச்சை. நாலாம் தேதிக்குப் பிறகும் முகாமில்தான் இருந்தார் என்பதற்கு எழுத்தில் ஏதாவது கொண்டுவர வேண்டும். வாய்ப்பேச்சு எடுபடாது.

அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடவும் முடியாது. இரண்டு விரல்கள் ஏற்கெனவே உள்ளங்கையோடு மடங்கிவிட்டன. மூன்று மாதத்துக்குள் பிரிக்காவிட்டால் மற்றதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் மோட்டார் மெக்கானிக். ஸ்பேனர் பிடிக்காத கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்ததும், "இப்ப சொல்லுங்க," என்றாள்.

சொன்னார். நேராகச் சொல்ல வராமல் சுற்றி வளைத்துத்தான் சொன்னார். அவளுக்குப் பிரசவ நேரம். முகாமில் எழுத்து வேலை பார்த்த ஆளை எல்லாரும் கணக்குப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள், கணக்கு ஒன்றும் பார்க்காவிட்டாலும். அந்தக் கணக்குப்பிள்ளை இவர் மேல் இரக்கப்பட்டு, பதினெட்டாம் தேதி போட வேண்டிய விடுவிப்பை நாலாம் தேதியே போட்டுவிட்டார். நாளைக்கு வண்டி வரும், ஏறிப் போய்ப் பிள்ளை முகத்தைப் பார் என்றார். மழையில் பாலம் உடைந்தது. வண்டி வரவில்லை. காகிதத்தில் விடுவிக்கப்பட்ட இவர் முகாமிலேயே சும்மா உட்கார்ந்திருந்தார். ஒன்பதாம் தேதி ஒரு லாரி நின்றுபோக, வேறு மெக்கானிக் இல்லாததால் இவரை அடியில் படுக்கச் சொன்னார்கள். ஜாக்கி நழுவியது.

"அப்புறம் எதுக்கு பஸ் கதவு?"

"வெளிய தெரிஞ்சா கணக்குப்பிள்ளை வேலை போயிடும். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன். அவன் போன வருஷம் செத்துட்டான். அதான் இப்ப..."

"யாருகிட்டயும்னா, பொண்டாட்டிகிட்டயுமா?"

அவர் ஆடு திருடினவர் மாதிரி முழித்தார்.

நம்புவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு வாயில் பஸ், ஒரு வாயில் லாரி. நாளைக்குக் கப்பல் என்றாலும் ஆச்சரியமில்லை. நாலாம் தேதி விட்டுவிட்டார்கள் என்று சர்க்கார் காகிதம் சொல்கிறது, வீட்டுக்கு வந்தது பதினாலாம் தேதி, பிள்ளை பிறந்து இரண்டு நாள் கழித்து. நடுவில் பத்து நாள். பத்து நாள் ஒரு மனுஷன் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். யாரோடு வேண்டுமானாலும் இருக்கலாம்.

அவளிடம் ஒரு கடிதம் இருந்தது. பத்தாம் தேதி போட்டு, முகாம் என்று தலைப்பிட்டு, அவர் வீடு வந்து இரண்டு நாள் கழித்துத் தபாலில் வந்த கடிதம். "கை கால் சுகமாக இருக்கிறேன், கவலைப்படாதே." படித்தவுடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அது அவர் எழுத்தே இல்லை. கட்டின மனைவிக்கு நாலு வரி எழுதக்கூட ஆள் வைத்தாரே என்று நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. கேட்கவில்லை. கேட்காமலே இருபத்திரண்டு வருஷம் கோபத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள், கடிதத்தையும் சேர்த்து. இப்போது அந்தக் கோபத்துக்குள் பயமும் புகுந்துகொண்டது. முகாமிலேயே இல்லாத ஆள், முகாமில் இருப்பதாக யாரையோ வைத்து எழுதச் சொன்னாரோ? அன்று ராத்திரி தட்டை ணங்கென்று வைத்துச் சோறு போட்டாள். அவரும் இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து சாப்பிட்டார்.

மறுநாள் காலை அவள் வேலைக்குப் போனாள். அவள் வேலை ஜெராக்ஸ் கடையில். ஊரார் பிறப்பும் இறப்பும் பட்டாவும் அவள் கைவழியாகத்தான் போகும். எந்தக் காகிதத்துக்கு எவ்வளவு கறுப்பு ஏற்ற வேண்டும் என்று தொட்டுப் பார்த்தே சொல்லுவாள். கணவருடைய விடுவிப்புச் சான்று மட்டும் இத்தனை வருஷமும் அவர் டிரங்குப் பெட்டியில் இருந்தது. மனுவோடு வைக்க இரண்டு நகல் வேண்டுமே என்று அதை முதல் முறையாக மெஷினில் வைத்தாள்.

அச்சிட்ட எழுத்தெல்லாம் பளிச்சென்று வந்தது. கையால் நிரப்பிய இடமெல்லாம் வெறிச்சோடிக் கிடந்தது. பேர் இல்லை, தேதி இல்லை. "ஊதா மையா இது, சனியன்," என்று மெஷினைத் திட்டிக்கொண்டே கறுப்பை மூன்று புள்ளி ஏற்றினாள். வெளுத்த ஊதா மை ஜெராக்ஸில் விழாது, அது அவளுக்குப் பழகின தொல்லை. இரண்டாவது நகலில் தேதி மெல்லத் தலைகாட்டியது, அடியில் இரண்டு கோடு போட்டு.

தேதிக்கு அடியில் இரண்டு கோடு. அவள் கை அப்படியே நின்றது.

ராத்திரி தேடி எடுத்துக் கைப்பையில் போட்டிருந்த கடிதத்தை எடுத்து மெஷினில் வைத்தாள். முதல் நகல் வெள்ளைக் காகிதமாக வந்தது. மூன்று புள்ளி ஏற்றியதும் பத்தாம் தேதி வந்தது, அடியில் அதே இரண்டு கோடு, அதே சாய்வு, அதே ஊதா. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் யாரையும் கவனிக்கவில்லை. நசுங்கின கையால் எழுத முடியாமல், அவர் சொல்லச் சொல்லக் கணக்குப்பிள்ளை எழுதியிருக்கிறான். அந்த முகாமில், பத்தாம் தேதி. அவளுக்கு அழுகை வந்தது, கூடவே அந்தச் செத்துப்போன ஆளை எழுப்பி நாலு அறை விட வேண்டும் போலவும் இருந்தது.

மதியமே அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கணவரை இழுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நகல்களையும் வைத்து, கறுப்பு ஏற்றாதது, ஏற்றியது என்று பாடம் நடத்தினாள். அதிகாரி பூதக்கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்தார். அவருக்கே குழம்பிப்போயிற்று.

"ஒரே ஆளு எழுத்துதான், ஒத்துக்கறேன். இவரு பத்தாம் தேதி முகாம்ல இருந்திருக்காரு. ஆனா இதுல கை கால் சுகம்னு இருக்கேம்மா! சாட்சியே உங்களுக்கு எதிரா இல்ல பேசுது?"

"அது பொய் மேடம்," என்றார் கணவர். அந்த அறையில் அவர் முதல் முறையாகத் தெளிவாகச் சொன்ன வார்த்தை அதுதான்.

"அப்ப அதை எழுதிக் குடுங்க. சொந்தக் கைப்பட. மூணு வரி போதும். நான் பரிந்துரை போட்டு அனுப்பறேன், தேதியத் திருத்திடுவாங்க. இவங்க சாட்சிக் கையெழுத்து போடட்டும்."

அவர் பேனாவை மடங்கின விரல்களுக்கு நடுவில் செருகிக்கொண்டார். அவள் காகிதம் நகராமல் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். எழுத்துகள் கோணிக்கொண்டு போயின. மூன்று வரி தாண்டியும் அவர் நிறுத்தவில்லை. அதிகாரி இரண்டு தரம் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை. முடித்ததும் அவள் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள்.

"சுகம் என்று சொன்னது பொய். ஒன்பதாம் தேதி லாரிக்கு அடியில் என் கை நசுங்கிவிட்டது. மிகவும் வலித்தது. குழந்தை பிறந்ததா, அவள் எப்படி இருக்கிறாள் என்று தெரியாமல் அழுதேன். அவள் பயப்படுவாள் என்று சுகம் என்று எழுதச் சொன்னேன். பிறகு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பஸ் கதவு மேல் எந்தத் தப்பும் இல்லை."

"இது அவரு எழுத்துதானாம்மா?" என்றார் அதிகாரி.

"அவரு எழுத்துதான்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையெழுத்துப் போட்டாள். ஆனால் காகிதத்தை விடவில்லை. "மேடம், இதை நான் வெச்சுக்கறேன். நல்லா கறுப்பு ஏத்தி ஜெராக்ஸ் எடுத்துத் தரேன், அதை ஃபைல்ல போட்டுக்கங்க."

"ஒரிஜினல்தாம்மா வேணும். இது இல்லேன்னா ஆபரேஷன் நடக்காது."

அவள் இன்னொரு தரம் படித்தாள். காகிதத்தை அதிகாரியின் பக்கம் தள்ளிவிட்டு, மேஜை மேல் கிடந்த இன்னொரு வெள்ளைத் தாளை எடுத்துக் கணவர் முன்னால் வைத்து, அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணு எழுதுங்க," என்றாள்.