ஒரே படிவத்தில் வவ்வாலும் பாசியும்

இரண்டில் எந்த உயிர் காப்பாற்றத் தக்கது என்று முடிவு செய்ய சரணாலய இயக்குநர் ஒரு படிவம் தயாரித்திருந்தார். இடப்பக்கம், குகையில் வாழும் சிறிய வவ்வால் இனம். வலப்பக்கம், குகை வாசல் ஊற்றில் வாழும் டயட்டம். கண்ணுக்குத் தெரியாத, கண்ணாடி ஓடு போர்த்திய பாசி. வவ்வால் ஜெயித்தால் ஊற்றை மூடி அதன்மேல் பார்வையாளர் மேடை எழும்பும். மேடைக் கல்வெட்டுக்குத் தம் புகைப்படத்தை இயக்குநர் முன்பே தேர்ந்தெடுத்துவிட்டார்.

முத்திரையிட்ட ஒரே பிரதி. அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாது. மாலை ஐந்து மணிக்குள் தலைமையகம் போய்ச் சேராவிட்டால் மேடை இல்லை.

“இறக்கை நீளம்?” என்று இயக்குநர் ஆரம்பித்தார்.

“பாசிக்கு ஏது சார் இறக்கை?” என்றாள் பாசிக்காரி. பதினோரு வருடமாக அந்த ஊற்றையே நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருப்பவள்.

“அப்ப பூஜ்யம். குட்டி போடுமா?”

“ரெண்டாப் பிளந்துக்கும்.”

“அதுக்குக் கட்டம் இல்லையேம்மா. எண்ணிக்கை?”

“ஒரு சொட்டுல எட்டாயிரம்.”

இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார். “வவ்வால் மொத்தமே முந்நூறு. எட்டாயிரத்தை வச்சுக்கிட்டா மூக்கைச் சிந்துறீங்க?”

“அந்த ஊற்றை விட்டா வேற எங்கயும் கிடையாது சார். மூடுனா அத்தனையும் ஒரே நாள்ல காலி.”

“வவ்வால் அறுபத்து நாலு, பாசி மூணு,” என்று மதிப்பெண்களைக் கூட்டி, கையெழுத்தும் போட்டு நீட்டினார். “நீங்க ரெண்டு பேரும் போட்டா முடிஞ்சுது.”

குகை வவ்வாலை ஆராய்கிறவன், ஜெயித்த வவ்வால்காரன், ஏனோ தலையைத் தொங்கப்போட்டிருந்தான். பாசிக்காரி அவன் பக்கம் திரும்பினாள்.

“ஏம்ப்பா, உன் வவ்வால் என்ன திங்குது?”

“ஊற்றுல பொரியுற பூச்சியத்தான்க்கா.”

“பூச்சி?”

“உங்க பாசிய.”

“இதைச் சொல்ல உனக்கு வாய் இல்லையா?”

“சொன்னேன்க்கா. கட்டம் இல்லன்னுட்டார்.”

அவள் அடிக்கோலை எடுத்தாள். படிவத்தின் குறுக்கே, தாள் கிழியாத குறையாக, புதிதாக ஒரு கட்டம் போட்டாள். உள்ளே எழுதினாள்: ‘இது செத்தால் அதுவும் சாகும்.’

“ஐயோ, படிவம் செல்லாமப் போயிடும்மா!”

“தெரியும் சார்.”

பேனா வவ்வால்காரன் கைக்குப் போனது. அவன் கட்டத்தை உற்றுப் பார்த்தான்.

“கொஞ்சம் சின்னதா இருக்கேக்கா,” என்றவன், இயக்குநரின் கையெழுத்தும் உள்ளே வரும்படி அதைப் பெரிதாக்கினான்.