ராஜகுமாரி போடாத கையெழுத்து

தேயிலை எஸ்டேட் ஆபீசில் அன்று இருந்தவர்கள் மேனேஜர் ஜெகதீசன், கிளார்க் பெனிஸ், தொழிலாளர் சங்கத்துச் சில்வஸ்டர், கொழுந்து பறிக்கும் ராஜகுமாரி, அவள் மாமனார் பரமசிவன்.

முந்தின மாதம் கொழுந்து பறிக்கையில் குடல்வால் வெடித்துச் சுருண்ட ராஜகுமாரியைக் குன்னூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். பறித்த கொழுந்தை நிறுக்க வராமல், சொல்லாமல் போய்விட்டாள் என்று அவளை வேலையிலிருந்து நீக்கப் போகிறார்கள். தானாக விலகுவதாகக் கையெழுத்துப் போட்டால் பேர் கெடாது என்றார் மேனேஜர்.

பரமசிவனுக்கு அது சரியென்று பட்டது. நீக்கப்பட்டவர் என்று அவர் குடும்பத்தில் யாருமில்லை. தம் பேனாவையே நீட்டினார்.

ராஜகுமாரி அதை வாங்கவில்லை. "பயமா இருக்குங்க மாமா. வேலை போயி, எஸ்டேட் குடுத்த லயத்து வீட்டுல இருந்தும் இறக்கிட்டா பிள்ளைங்கள எங்க கொண்டு போறது?"

"தானா விலகினா கேஸ் நிக்காதுங்க ஐயா," என்றார் சில்வஸ்டர் பரமசிவனிடம். "அவங்க நீக்குனாத்தான் லேபர் கோர்ட்டுல ஏன்னு கேக்கலாம்."

மேனேஜர் சிரித்தார். "கேஸ் முடியற வரைக்கும் பெரியவர் இருப்பாரா?"

பரமசிவன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "நீங்களே நீக்குங்க தொர. காரணத்தையும் நீங்களே எழுதுங்க."

வழக்கு நடக்கிறது. லயத்துக் கதவு தட்டப்படும்போதெல்லாம் வீட்டிலுள்ளவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ராஜகுமாரி தானாக விலகினாள் என்று தோட்டத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. அவள் விலகவில்லை. நீக்கப்பட்டாள்.