ஒன்பதாம் இடத்துத் துத்தநாகம்

கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு ஆய்வகத்தில் வைத்த பெயர் துல்லியம். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. சென்ட் அடித்துக்கொண்டு வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவாள். மோதிரக் கையோடு சாம்பிள் பாட்டிலைத் தொட்ட ஒருவனை அவள் வாங்கிய வாங்கில், அவன் இரண்டு நாள் ஆய்வகப் பக்கமே தலைகாட்டவில்லை. சுத்தம் என்று வந்துவிட்டால் அவளுக்கு அப்பன் பிள்ளை கிடையாது.

மலையிலிருந்து இறங்கும் ஓர் ஓடையில் என்னென்ன உலோகம் கரைந்து வருகிறது என்று பார்ப்பதுதான் அவளுடைய ப்ராஜெக்ட். வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் முடிவைச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுவிட்டு, கோடை விடுமுறையில் தான் போகும் மலைத்தொடர் ஆய்வுக்குப் பேராசிரியை ஒரே ஒரு மாணவரைத் தேர்ந்தெடுப்பார். அந்த ஓர் இடத்துக்காகத் துல்லியம் மூன்று வருஷமாகத் தவம் கிடந்தாள்.

ஓடைக்குப் போக வேண்டிய அன்று கூட வரவேண்டிய தோழிக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"நீ எதையும் தொடாதே. நான் செய்யுறதை எல்லாம் மணி போட்டு நோட்டுல எழுது. அது போதும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். எது முக்கியம்னு நீ முடிவு பண்ணாதே."

அண்ணன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். டாக்டர் சீட்டைப் படித்துப் பழகியவன். சொன்னதற்கு மேலும் போக மாட்டான், கீழும் வர மாட்டான்.

அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஒன்பது இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு பாட்டிலில் ஓடைத் தண்ணீர். இன்னொரு பாட்டிலில் ஆய்வகத்திலிருந்து கொண்டுபோன, ஒன்றுமே கலக்காத தண்ணீர். இதற்கு 'ப்ளாங்க்' என்று பெயர். இதையும் ஓடைக்கரையில் வைத்து அதே மாதிரி ஊற்றி மூட வேண்டும். பிறகு அளந்தால் இதில் எதுவும் இருக்கக்கூடாது. இருந்தால் அழுக்கு ஓடையில் இல்லை, எடுத்தவர் கையில். மற்றவர்கள் ஒரு நாளைக்கு ஒரே ஒரு ப்ளாங்க்தான் எடுப்பார்கள். துல்லியம் இடத்துக்கு ஒன்றாக ஒன்பது எடுத்தாள், அவள்தான் துல்லியமாயிற்றே.

மேலே போகப் போகக் கொசு பிடுங்கி எடுத்தது.

செவ்வாய்க்கிழமை ஓடைத் தண்ணீரின் முடிவு வந்தது. அடிவாரத்தில் துத்தநாகம் இருந்த இடமே தெரியவில்லை. மேலே ஏற ஏற அதுவும் ஏறியது. ஒன்பதாம் இடத்தில் எகிறிவிட்டது. மலைக்குள் துத்தநாகம் புதைந்து கிடக்கிறது, சந்தேகமே இல்லை! துல்லியத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டில் சொன்னாள். சொன்னதுதான் தாமதம், அண்ணன் இருமல் மருந்து வாங்க வந்தவர்களிடமெல்லாம் தண்டோரா போட்டுவிட்டான். "தங்கச்சி ஒரு மலையையே கண்டுபிடிச்சிருக்கா" என்றான். மலை ஏற்கெனவே அங்கேதான் இருந்தது என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை காலையில் ப்ளாங்க் முடிவு வந்தது. ஒன்றுமே இருக்கக்கூடாத ஒன்பது பாட்டில்களில், முதலாவதைத் தவிர எட்டிலும் அதே துத்தநாகம், அதே ஏற்றத்தில்.

அவள் நேரே உலோகம் அளக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரிடம் போனாள்.

"அண்ணா, மோதிரம் போட்டிருக்கீங்களா?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை. இந்த ஒன்பது பாட்டிலையும் நான் தொட்டதே கையுறையோடதான். என் மேல பழி போடாதேம்மா."

மூடியைச் சந்தேகப்பட்டாள், பாட்டில் கழுவிய அமிலத்தைச் சந்தேகப்பட்டாள், பாட்டில் கம்பெனியின் பரம்பரையையே சந்தேகப்பட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கை அரித்தது என்று, அன்று மலையில் கொசுக்கடிக்குத் தடவிய அதே ரோஸ் நிற லோஷனை அண்ணன் பையிலிருந்து எடுத்தாள். எடுத்தவள் லேபிளைப் பார்த்தாள். கொட்டை எழுத்தில் 'ஜிங்க் ஆக்சைடு'. அதாவது சாட்சாத் துத்தநாகம்.

"அண்ணா, அந்த நோட்டைக் கொண்டா!"

நோட்டில் எல்லாமே இருந்தது. 'மணி 9.05. முதல் இடம். புதுக் கையுறை. கொசு இல்லை.' 'மணி 11.10. ஐந்தாம் இடம். புதுக் கையுறை. லோஷன் நான்காம் முறை. தங்கச்சி கழுத்தைச் சொறிகிறாள்.' 'மணி 1.30. ஒன்பதாம் இடம். புதுக் கையுறை. லோஷன் எட்டாம் முறை. தங்கச்சி கையுறையோடு சொறிகிறாள். சொன்னால் திட்டுகிறாள்.'

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னேன். திட்டினே. அதையும் எழுதியிருக்கேன் பாரு."

லோஷன் தடவிய எண்ணிக்கையையும் துத்தநாக அளவையும் வைத்து ஒரு வரைபடம் போட்டுப் பார்த்தாள். ஒன்பது புள்ளியும் நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் நின்றன. வாழ்க்கையில் அவள் போட்ட வரைபடங்களிலேயே அழகானது அதுதான். பார்க்கப் பார்க்க அழுகையாக வந்தது.

ப்ளாங்க் முடிவைப் பார்த்தது அவளும் அந்த ஊழியரும்தான். அவர் யாரிடமும் வாயைத் திறக்கப் போவதில்லை. நோட்டிலும் கிழிக்க வேண்டியது இரண்டே பக்கம். கிழிக்க விரலை வைத்தும்விட்டாள். சென்ட் போட்டு வந்தவர்கள், மோதிரக்காரன் எல்லாரும் வரிசையாகக் கண் முன்னால் வந்து நின்றார்கள். சீ என்று ஆகிவிட்டது. விரலை எடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மேடையேறினாள். கடையைப் பூட்டிவிட்டு வந்த அண்ணன் முதல் வரிசையில் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தான், மடியில் அதே நோட்டு. அவள் வரைபடத்தைத் திரையில் போட்டாள்.

"இது ஓடைத் துத்தநாகம் இல்லை. நான் சொறிஞ்ச துத்தநாகம். அந்த மலையில எனக்குத் தெரிஞ்சு கொசுதான் இருக்கு."

அரங்கம் கொல்லென்று சிரித்தது. மோதிரக்காரன் நாற்காலியிலிருந்து விழாத குறை. மானம் கப்பலேறிவிட்டது, கோடையும் அதோடு போயிற்று என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "ஒன்பது ப்ளாங்க் எடுத்தியா?" என்று கேட்டார். அண்ணன் பக்கம் திரும்பி, "அந்த நோட்டைக் கொடுங்க" என்று வாங்கி ஒரு பக்கம் விடாமல் படித்தார். 'சொன்னால் திட்டுகிறாள்' வந்ததும் அவருக்கும் தாங்கவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"என் மாணவர்கள்ல இது வரைக்கும் பதினாலு பேர் கை அழுக்கை வச்சே சுரங்கம் கண்டுபிடிச்சிருக்காங்க. ஒருத்தராவது கொசுவைக் கண்டுபிடிச்சதில்லை. கோடைக்கு நீ வா. ஆனா லோஷன் வீட்டுல இருக்கட்டும், முழுக்கைச் சட்டை போட்டுக்கோ. சார், நோட்டு எழுத நீங்களும் வர முடியுமா?"

"கடையை யார் பார்ப்பாங்க மேடம்?" என்றான் அண்ணன். ஆனால் நோட்டைத் திரும்ப வாங்கியவன் மடியில் விரித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுத ஆரம்பித்துவிட்டான்.

துல்லியம் கீழே இறங்கி வந்து அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

'மணி 11.40. தங்கச்சி அழுகிறாள். கொசு இல்லை.'