மூன்றாம் நம்பர் த்ரஸ்டர்

"செல்வி அக்கா, ஃபேனை நிறுத்தியாச்சா?"

"ஃபேன், ஏசி எல்லாம் நிறுத்தியாச்சு. சார் மூஞ்சப் பாரு ஹம்சினி, ஷவர்ல குளிச்சாமாரி கீறாரு."

அடையாற்றில், மே மாதத்தில், மூன்றாவது மாடியில் ஃபேன் இல்லாமல் நிற்பது லேசான காரியமில்லை. ஆனால் வழவழப்பான கிரானைட் மேடையில், மெல்லிய காற்றுப் படலத்தின்மேல், மாதிரிச் செயற்கைக்கோள் ஒன்று மிதந்துகொண்டிருந்தது. ஃபேன் காற்று பட்டாலே நகர்ந்துவிடும். அதைச் சுற்றி எட்டு த்ரஸ்டர்கள், காற்றைப் பீய்ச்சித் தள்ளுவதற்கு. ஒன்று கெட்டால், எது என்று தானே கண்டுபிடித்து, மீதி ஏழை வைத்தே எதிரிலுள்ள கொக்கியில் போய்ப் பொருந்த வேண்டும். விண்வெளியில் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது?

அதற்காக ஹம்சினி இரண்டு வருஷம் எழுதிய புரோகிராம் நிஜச் செயற்கைக்கோளில் ஏறுமா, ஏறாதா என்று இன்றைக்கே சொல்லிவிடுவார் சோதனைக் குழுத் தலைவர் சுப்பராமன்.

"நீ சுவரைப் பாத்துண்டு நில்லு. திரும்பப்படாது" என்று ஹம்சினியிடம் சொல்லிவிட்டு, டெக்னீஷியன் அன்புச்செல்வியிடம் ஐந்து விரலைக் காட்டினார். த்ரஸ்டருக்கு ஒரு குட்டிக் குழாய்; ஐந்தாம் நம்பர் குழாயை அவள் சத்தமில்லாமல் மூடினாள்.

செயற்கைக்கோள் கிளம்பியது. புஸ், புஸ்! இரண்டடி போவதற்குள் கோணிக்கொண்டது. திரையில் சிவப்பு எழுத்து: பழுது, த்ரஸ்டர் 3.

"நிறுத்து, நிறுத்து!" சுப்பராமன் தானே பட்டனை அழுத்தினார். "நாங்க மூடினது அஞ்சு. இது மூணுங்கறது. மேல போய் நல்லதை அணைச்சுட்டு, கெட்டதை நம்பிண்டு உக்காந்தா என்னம்மா ஆறது?"

"சார், அது அசைவைப் பார்த்துதான் சொல்லுது. தப்பா இருக்க சான்ஸே இல்ல..."

"பதில் தப்பாச்சே."

ஹம்சினி புரோகிராமை வரி வரியாகத் தேட ஆரம்பித்தாள். அன்புச்செல்வி அவளைப் பார்த்தாள், பிறகு குழாய்களைப் பார்த்தாள். நம்பர் பொறித்திருப்பது கைப்பிடியில். நேற்றுச் சாயங்காலம் மூன்றும் ஐந்தும் கசிந்தன. பெரும்பாக்கம் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இரண்டு கைப்பிடியையும் ஒரே நேரத்தில் கழற்றி...

ஒன்பது வருஷ வேலையில் ஒருத்தர் விரல் நீட்டியதில்லை.

"சார், ஒரு நிமிசம்." டிஷ்யூ காகிதம் ஒன்றைக் கிழித்து ஐந்தாவது த்ரஸ்டரின் வாயில் பிடித்தாள். "ஹம்சினி, அஞ்ச அட்ச்சு வுடு."

காகிதம் படபடத்தது.

"இப்ப மூணு."

காகிதம் தொங்கியபடியே இருந்தது.

"மூணுதான் சார் செத்துக்கீது. கைப்பிடிய நான்தான் மாத்தி மாட்டிட்டேன். தப்பு என்னுது. அது கரீட்டா சொல்லிக்கீது!"

சுப்பராமன் காகிதத்தை வாங்கித் தானும் ஒரு தரம் பிடித்துப் பார்த்தார். "ஏம்மா, எனக்கும் தெரியலை, உனக்கும் தெரியலை. அதுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு!" தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டார். "மூணு மூடியே இருக்கட்டும். கூட ஒண்ணு நானே மூடறேன். ரெண்டு பேரும் திரும்புங்கோ!"

"சார், ரெண்டா?" என்று அலறினாள் ஹம்சினி.

"ஏன், மேல போனா ஒண்ணுதான் கெடும்னு எழுதிக் குடுத்திருக்காளா?"

மறுபடி புஸ், புஸ். பழுது, த்ரஸ்டர் 3. மூச்சுவிடும் நேரம். பழுது, த்ரஸ்டர் 7.

"ஏழேதான்!" என்று துள்ளினார் சுப்பராமன்.

செயற்கைக்கோள் இப்படி ஆடியது, அப்படி ஆடியது. "வா, வா, வந்துடு நைனா" என்று அன்புச்செல்வி கையை ஆட்டினாள். தயங்கியது, மூக்கைத் திருப்பியது, மெல்ல நகர்ந்தது. டிக்! கொக்கியில் பொருந்தி நின்றது.

ஹம்சினி போட்ட கூச்சலில் கீழ்மாடிக்காரர்கள் என்னவோ ஏதோவென்று படியேறி வந்துவிட்டார்கள்.

"இது மேல போறது" என்றார் சுப்பராமன். "ரிப்போர்ட்ல மொதல் சோதனையையும் எழுது ஹம்சினி, கைப்பிடி மாறினது உள்பட. அதைவிட நல்ல சோதனை நாம யோசிச்சாலும் வராது."

"அப்ப எம்பேரும் வருமா, சார்?"

"தப்புப் பண்ணினவா பேர் இல்லாமலா?"

"அப்ப இனிஷியலோட போடச் சொல்லுங்க" என்றாள் அன்புச்செல்வி.